கிளிநொச்சிப் பக்கம் சனசமூக நிலையத்தில் இலத்திரனியல் குழு: முதலில் எதைச் செய்து பார்க்கலாம்?

கேள்வி: பத்துப் பன்னிரண்டு பேர், பாதிப் பேர் மாணவர்கள், மாதம் இரண்டு சனிக்கிழமை கூடி இலத்திரனியல் வேலை பழகப் போகிறோம். ஆர்டுயினோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு பலகை) பெட்டி வாங்கித் தொடங்கலாமா? வன்னிக்குப் பயன்படுகிற மாதிரி என்ன செய்யலாம்?

பதில்:

ஆர்டுயினோவை ஓர் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். இணையத்தில் எடுத்த நிரலை ஏற்றினால் முதல் நாளே ஏதாவது மினுங்கும். ஆனால் மினுங்காத நாளில் பிழை வயரிலா, நிரலிலா, பலகையிலா என்று ஒருவருக்கும் தெரியாது. டிரான்சிஸ்டர் என்பது பேஸ், எமிட்டர், கலெக்டர் என்ற மூன்று காலுள்ள மின் சுவிட்ச்: பேஸுக்குச் சிறு கரண்ட் வந்தால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரண்ட் ஓடும். ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் ஓடுகிற சுற்றில் பிழை மறைவதற்கு இடமில்லை. வோல்டும் கரண்டும் அளக்கும் மல்டிமீற்றரை மூன்று இடத்தில் வைத்தால் பிழை பிடிபடும்.

முதல் வேலையாக மேல்தாங்கி நிரம்பினால் சத்தம் போடும் கருவியைச் செய்யுங்கள். மோட்டரைப் போட்டுவிட்டு மறந்து தண்ணீர் வழியவிடாத வீடு குறைவு. பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் தடையி ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று, 5 வோல்ட் பசர் ஒன்று, பழைய போன் சார்ஜர் ஒன்று. தாங்கியின் மேல்விளிம்புக்குக் கீழே இரண்டு விரல்கடை இடைவெளியில் இரண்டு ஸ்டெயின்லஸ் ஸ்டீல் போல்ட். ஒரு போல்ட் 5 வோல்டுக்கு, மற்றது 10 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையில் 100 கிலோ ஓம். இது இல்லாவிட்டால் பெட்டிக்குள் ஈரம் கசிந்தாலே பசர் முனகும். எமிட்டர் நெகட்டிவுக்கு, பசர் 5 வோல்டுக்கும் கலெக்டருக்கும் நடுவில்.

இங்கே வழக்கமாக வரும் பிழை கால் மாறிப்போவது. பிசி 547ஐத் தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். பழைய ரேடியோவில் கழற்றிய எஸ் 8050 என்றால் தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். மாற்றிப் போட்டால் சுற்று முழுக்கச் செத்துப்போகாது, பசர் மெல்லியதாகக் கேட்கும். அதனால் எல்லாரும் பசரைத்தான் சந்தேகிப்பார்கள்.

இந்தக் கருவியைப் பற்றரியில் ஓடவிடாதீர்கள். மோட்டரை நிறுத்திய பிறகும் தண்ணீர் போல்டைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும், பசர் அடித்துக்கொண்டே இருக்கும். ஆட்கள் இரண்டாம் நாள் பற்றரியைக் கழற்றி வைப்பார்கள், மூன்றாம் நாள் மாட்ட மறப்பார்கள். மோட்டர் சுவிட்ச் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒரு பிளக் பொயின்றை மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு போடுவித்து, சார்ஜரை அதில் குத்துங்கள். மோட்டர் நின்றால் சத்தமும் நிற்கும். இன்னொரு இலாபமும் உண்டு. நேரோட்டம் தண்ணீருக்குள் ஓடும்போது பொசிட்டிவ் பக்கத்துப் போல்ட் கரைந்துகொண்டே போகும். மோட்டர் ஓடும் நேரம் மட்டும் கரண்ட் என்றால் அது நெடுநாள் தாங்கும். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினநீர், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் ஒரு டிரான்சிஸ்டர் போதும். ஆனால் போல்டில் வெள்ளைப் படிவு ஏறும், இடைக்கிடை தேசிக்காய்ப் புளி பூசிக் கழுவ வேண்டும். மழைநீர்த் தொட்டிக்கு இதே சுற்று சரிவராது. அந்தத் தண்ணீர் கடத்துவது குறைவு, இரண்டு டிரான்சிஸ்டரை டார்லிங்டனாக (ஒன்றின் எமிட்டரை மற்றதன் பேஸுக்குக் கொடுத்து) கோர்க்க வேண்டும். தாங்கியிலிருந்து வீட்டுக்கு வயர் நீளமென்றால் பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று போடுங்கள், மோட்டர் வயரின் இரைச்சல் அடங்கும்.

இதே டிரான்சிஸ்டரைத் தலைகீழாக யோசித்தால் இரண்டாவது வேலை கிடைக்கும்: காட்டோர வயலுக்கு யானை எச்சரிக்கை. ஒட்டுசுட்டான், மாங்குளம், நெடுங்கேணிப் பக்கத்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. 12 வோல்டிலிருந்து 22 கிலோ ஓம் வழியாகப் பேஸுக்குக் கரண்ட் கொடுங்கள். பேஸை ஒரு நீண்ட வயர் வளையத்தால் நெகட்டிவோடு இணைத்து விடுங்கள். வளையம் முழுதாக இருக்கும்வரை டிரான்சிஸ்டர் தூங்கும். அறுந்தால் விழித்து, 12 வோல்ட் ரிலேயை (மின்சுருளால் இயங்கும் சுவிட்ச்) இழுக்கும். ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) கட்டாயம், கோடு போட்ட முனை பொசிட்டிவ் பக்கம். அது இல்லாவிட்டால் ரிலே விடுபடும் கணத்தில் எழும் உயர் வோல்ட் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். சத்தத்துக்கு மோட்டர் சைக்கிள் ஹோர்ன் போதும். அது 2 முதல் 3 அம்பியர் இழுக்கும், நெடுநேரம் அலறவிட்டால் சுருள் எரியும், ஆகவே கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். காத்திருக்கும் நேரம் இந்தச் சுற்று எடுப்பது அரை மில்லி அம்பியர்தான். பழைய யுபிஎஸ்ஸில் கழற்றிய 7 அம்பியர்-மணி பற்றரி பழுதாகாமல் இருந்தால் ஒரு போகம் தாராளமாக ஓடும்.

வளையத்தின் நடுவில் ஒரு டிசி பிளக்கும் சொக்கெட்டும் வையுங்கள். பிளக்கில் கட்டிய நைலோன் கயிற்றை மாடும் நாயும் தட்டாத உயரத்தில் இழுத்துக் கட்டினால், யானை நெஞ்சால் தள்ளும்போது பிளக் கழன்று வரும், எதுவும் உடையாது. மறுநாள் குத்திவிட்டால் சரி. எலி வயரை வெட்டினாலும் ஹோர்ன் அடிக்கும். அது தொல்லைதான், ஆனால் வயர் அறுந்தது தெரியாமல் நம்பிப் படுப்பதைவிட நல்லது. ஹோர்னை வேலியில் அல்ல, காவல் கொட்டிலில் வையுங்கள். சத்தத்துக்கு யானை பழகிவிடும், எழுப்ப வேண்டியது மனிதரை. இடி முழக்கம் நெருங்கினால் நீள வயரைக் கழற்றிவிட வேண்டும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத காட்டோரத்தில் கம்பம் நட மண்ணைக் கிண்ட வேண்டாம்.

மின்வேலிக்கு அதிர்வு கொடுக்கும் பெட்டியைச் செய்யலாமா என்று குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். கூடாது. 230 வோல்டை நேரே வேலிக்குக் கொடுத்து மனிதர் செத்த செய்தி நமக்குப் புதிதல்ல. உலோகம் கண்டறியும் கருவியும் வேண்டாம். இந்த மண்ணில் அது சத்தம் போடும் இடத்தைத் தோண்டத் தோன்றும், அங்கே என்ன கிடக்கிறதோ. போதாததற்குப் புதையல் தேடுகிறார்கள் என்று பொலிஸும் வரும். எப்எம் ஒலிபரப்பிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. 1 குதிரைவலு மோட்டரை நீல நிற 10 அம்பியர் ரிலேயால் போட்டு நிறுத்தும் யோசனையையும் விடுங்கள். மோட்டர் தொடங்கும் கணத்தில் ஓடும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலே முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு மோட்டர் நிற்காது, கிணறு வற்றினாலும் ஓடும்.

பழைய லப்டொப் பற்றரியில் சோலார் விளக்கு செய்வது நல்ல மூன்றாவது வேலை, ஆனால் கலத்தைத் தரம் பிரிப்பதில்தான் பாதி வேலை. 18650 கலம் (லப்டொப் பற்றரிக்குள் இருக்கும் உருளை லிதியம் கலம்) 2 வோல்டுக்குக் கீழே கிடந்தால் ஒதுக்குங்கள். மற்றவற்றை 4.2 வோல்டுக்கு ஏற்றி ஒரு கிழமை சும்மா வையுங்கள். 4 வோல்டுக்குக் கீழே இறங்கியதும், ஏற்றும்போது கையில் சுட்டதும் கழிவு. கலத்தில் நேரே ஈயம் பற்றவைக்காமல் ஹோல்டரில் போடுங்கள். 6 வோல்ட் 3 வாட் பனல், பாதுகாப்புச் சுற்றுள்ள, கலத்தை ஏற்றும் டிபி 4056 பலகை, 4.7 ஓம் அரை வாட் தடையி, 1 வாட் வெள்ளை எல்ஈடி. பலகை 1 அம்பியர் ஏற்றும்படி வருகிறது, இந்தப் பனலுக்கு அது அதிகம். 122 என்று எழுதிய சிறு தடையியை 3 கிலோ ஓமாக மாற்றினால் 400 மில்லி அம்பியர் ஆகும். கலத்தைப் பனலுக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். தகரத்துக்கு மேலே பங்குனி வெயிலில் அந்த இடம் 45 பாகையைச் சுலபமாகத் தாண்டும், அந்தச் சூட்டில் லிதியம் கலத்தை ஏற்றவே கூடாது. பனல் கூரையில், கலம் நிழலில்.

மாரிக்கு முன் ஒரு மழைமானியும் முடியுங்கள். உள்விட்டம் 16 சென்ரிமீற்றர் புனல், அதன் கீழே சீசோ போலச் சாயும் இரட்டைக் கரண்டி. 1 மில்லிமீற்றர் மழை இந்தப் புனலில் 20 மில்லிலீற்றர். ஒரு பக்கம் 4 மில்லிலீற்றரில் சாய்ந்தால் ஒரு சாய்வு 0.2 மில்லிமீற்றர். கரண்டியில் சிறு காந்தம், பக்கத்தில் ரீட் சுவிட்ச் (காந்தம் கிட்ட வந்தால் மூடும் சுவிட்ச்). அதன் இரண்டு வயரை, விரலில் மாட்டும் மலிவான எண்ணும் கருவியின் பொத்தான் முனைகளில் பற்றவையுங்கள். சோதிக்க 200 மில்லிலீற்றர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், 50 வர வேண்டும். நூறு கிட்ட வந்தால் சுவிட்ச் துள்ளி ஒரு சாய்வை இரண்டாக எண்ணவைக்கிறது, குறுக்கே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி. குறைந்தால் வேகமாக ஊற்றிவிட்டீர்கள், அல்லது கரண்டி சாய்ந்து முட்டும் நிறுத்துத் திருகாணியைத் திருக வேண்டும். பிவிசி குழாயில் செய்தால் அதில் எழுதியிருக்கும் 160 வெளிவிட்டம், உள்ளே அளந்து கணக்கை மாற்றுங்கள். எறும்பு கூடு கட்டும், வலை அடியுங்கள். காலை 8.30க்கு வாசித்தால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாளாந்த மழையோடு ஒப்பிடலாம்.

வாங்குவதற்கு: பிசி 547 ஐம்பது, 10 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும் நூறு வீதம், 1என்4007 இருபது, 40 வாட் பற்றாசுக்கோல் நான்கு, 0.8 மில்லிமீற்றர் ஈயம் ஒரு சுருள், மல்டிமீற்றர் மூன்று. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கிடைக்காததைக் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து தருவிக்கலாம். மீற்றருக்கு மேலதிகமாக 9 வோல்ட் பற்றரியும் எடுங்கள். அது இறங்கினால் மலிவான மீற்றர் வோல்டைக் கூட்டிக் காட்டும், பழுதான 18650 எல்லாம் நல்லதாகத் தேறிவிடும்.