சவூதியில் உலகக் கோப்பை: ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் கேள்வி பதில்

தொழிலாளர் சட்டம் என் துறை. வளைகுடாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக இழப்பீட்டு மனு எழுதுவதில்தான் என் நேரத்தின் பெரும்பகுதி போகிறது. 2034 உலகக் கோப்பைக் கால்பந்து சவூதி அரேபியாவுக்குக் கொடுக்கப்பட்டதை ஒட்டி வந்த கேள்விகளுக்கு என் அறிவுக்கு எட்டியவரை பதில் சொல்கிறேன். ஆட்ட நுணுக்கம் கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

பந்தயக்காரன்: கத்தாரில் மைதானம் கட்டும்போது 6,500 பேர் இறந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அந்த எண் 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டவரில், போட்டி கத்தாருக்கு முடிவான 2010 டிசம்பருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அங்கே இறந்தவர்களின் மொத்தக் கணக்கு அது. இந்தியர் 2,711 பேர், இலங்கையர் 557 பேர். ஓட்டுநர், காவலாளி, கடை ஊழியர் எல்லாரும் இதில் அடக்கம். மைதானத்தில் செங்கல் தூக்கியவர்கள் மட்டும் என்று அந்த நாளிதழும் சொல்லவில்லை.

கத்தார் ஏற்பாட்டுக் குழு சொன்ன எண் இதற்கு நேர் எதிர்: மைதானப் பணியாளர்களில் வேலை விபத்தில் இறந்தவர் 3 பேர், ‘வேலையோடு தொடர்பில்லாமல்’ இறந்தவர் 37 பேர். போட்டி நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல் தவாடி, உலகக் கோப்பை தொடர்பான எல்லாப் பணிகளிலும் 400 முதல் 500 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். மூன்று எண்களும் மூன்று வேறு கூட்டத்தை எண்ணியவை.

என் போன்றவர்களுக்குச் சண்டை அந்த 37இல்தான். முப்பது வயதுக்காரர் பகலெல்லாம் வெயிலில் வேலை செய்துவிட்டு இரவு படுக்கையில் இறந்துபோகிறார். சான்றிதழில் ‘இயற்கை மரணம்’ அல்லது ‘மாரடைப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். பிரேதப் பரிசோதனை பெரும்பாலும் கிடையாது. மரணத்துக்கு வேலை காரணம் என்று பதிவானால்தான் கத்தார் சட்டப்படி இழப்பீடு உண்டு. இயற்கை மரணம் என்றால் பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் மட்டும். ஆக, அந்த ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் கணக்கு முடிந்துவிடுகிறது. கோடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை கூடாது என்ற விதியே 2021இல்தான் வந்தது. அதற்கு முன்பு தடை பதினொன்றரை மணிக்குத்தான் தொடங்கும்.

எனவே ஒரு எச்சரிக்கை. எந்த எண்ணைச் சொன்னாலும் எதை எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். தவறான எண்ணோடு வாதத்துக்குப் போனால் எதிராளி அந்த எண்ணை உடைத்துவிட்டு, செத்தவனையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடுவான்.

நெல்லைச் சீமை: விளையாட்டில் அரசியலைக் கலப்பது சரியா?

கலந்து வெகுநாளாயிற்று. எந்த நாட்டில் நடத்துவது என்று முடிவு செய்வதே அரசியல்தான். அரசாங்கத்தின் உத்தரவாதக் கடிதம் இல்லாமல் ஃபிஃபா விண்ணப்பத்தையே ஏற்காது. 2013இல் ஃபிஃபாவின் பொதுச் செயலாளராக இருந்த ஜெரோம் வால்க், உலகக் கோப்பை நடத்துவதற்கு ஜனநாயகம் குறைவாக இருப்பதே சில நேரம் வசதி என்று வெளிப்படையாகவே பேசினார். கலக்கலாமா என்று என்னைக் கேட்டு என்ன பயன்?

கடலூர் வாசகி: ஐயா, என் தங்கை கணவர் சவூதியில் கட்டட வேலைக்குப் போகிறார். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். மைதான வேலை, நல்ல கம்பெனி என்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அவ்வளவுதான். முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். எண் தரத் தயங்கினால் அவர் துணை முகவர், உரிமம் இல்லாதவர். வேலை ஒப்பந்தத்தின் நகல் கிளம்புவதற்கு முன்பே தங்கை கையில் இருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு எடுத்தாயிற்றா என்று பாருங்கள். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். இங்கேயும் ‘விபத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இந்தக் கடன்தான் எல்லாவற்றுக்கும் வேர். ஒன்றரை லட்சம் வட்டிக்கு வாங்கிப் போனவர், சம்பளம் மூன்று மாதம் வராவிட்டாலும் வேலையை விட்டு வர மாட்டார். பாஸ்போர்ட்டைப் பிடுங்க வேண்டிய அவசியமே கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்து வேலைக்கு வைத்த முதலாளிக்கு, இல்லை. ஊரில் இருக்கும் வட்டிக்காரர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்.

இடதுகால்: 2022 இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்குக் கொடுத்த முதல் பெனால்டி நியாயமா?

துறை மாறி வந்துவிட்டீர்கள்.

யாழ்ப்பாணத்தான்: 1978இல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி என்பதால் டச்சுக் கால்பந்து வீரர் யோஹான் க்ரைஃப் போகவில்லை என்று படித்திருக்கிறேன். இன்று அப்படிப்பட்ட வீரர்கள் இல்லையே?

அப்படித்தான் பலரும் நம்பினார்கள். 2008இல் க்ரைஃபே காரணத்தைச் சொன்னார்: பார்சிலோனாவில் அவர் வீட்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து அவரையும் மனைவியையும் கட்டிப்போட்ட கடத்தல் முயற்சி. அதற்குப் பிறகு அவருக்குக் குடும்பத்தை விட்டுப் போக மனமில்லை.

ஆனால் 1978ஐப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு இருக்கிறது. ஃபிஃபா அந்தப் போட்டியை அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது 1966இல். தளபதி விடேலாவின் கூட்டம் ஆட்சியைப் பிடித்தது 1976 மார்ச்சில். இடையில் இருந்த பத்தாண்டில் ‘நிலைமை மாறினால் என்ன செய்வது’ என்று ஒரு வரி எவரும் எழுதி வைக்கவில்லை. இறுதி ஆட்டம் நடந்த ரிவர் பிளேட் மைதானத்திலிருந்து நடந்தே போகும் தொலைவில் கடற்படையின் இயந்திரவியல் பள்ளி. அதுதான் சித்திரவதைக் கூடம். உள்ளே இருந்தவர்களுக்கு மைதானத்தின் கூச்சல் கேட்டது என்று உயிர் பிழைத்தவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். இன்று அது நினைவு அருங்காட்சியகம். 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. தொடக்க நாளன்று டச்சுத் தொலைக்காட்சிக் குழு ஒன்று விழாவை விட்டுவிட்டு, பிளாசா தே மாயோ சதுக்கத்தில் காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு நின்ற தாய்மார்களைப் படம் பிடித்தது. போட்டி அங்கே நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேமரா அங்கே போயிருக்காது. ‘நடத்தவே கூடாது’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் அந்தத் தாய்மார்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

கரிசல்: 6,500 பேர் செத்த மைதானங்களில் ஆடியவர்களுக்கு வெட்கமில்லையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மயிலாப்பூர் டென்னிஸ்: புறக்கணிப்பு என்று பேசுபவர்களுக்கு 1974 நினைவிருக்கிறதா? கொல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வென்று, ரஷ்யர்களையும் வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தோம். நம் சென்னைப் பையன்கள் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் உச்சத்தில் இருந்த நேரம். தென்னாப்பிரிக்காவோடு ஆட மாட்டோம் என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். நிறவெறி அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுக்கு மேல் இருந்தது. யாருக்கு என்ன லாபம்?

கோபம் நியாயம். 1966இல் ராமநாதன் கிருஷ்ணன், 1987இல் ரமேஷ் கிருஷ்ணன் ஆடிய இறுதிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு 1974தான். அந்தக் கோப்பையை இன்றுவரை நாம் வென்றதில்லை.

ஆனால் ஒரு அடியில் மரம் விழுந்ததா என்று கேட்கிறீர்கள். தென்னாப்பிரிக்காவுக்கு 1964 ஒலிம்பிக்குக்கு அழைப்பில்லை. 1970இல் ஒலிம்பிக்கிலிருந்தே நீக்கம். 1976இல் ஃபிஃபாவிலிருந்து நீக்கம். 1977இல், அந்த நாட்டோடு விளையாட்டுத் தொடர்பைத் தவிர்க்கக் காமன்வெல்த் நாடுகள் செய்த க்ளெனீகிள்ஸ் ஒப்பந்தம். 1974 இந்த வரிசையில் ஒன்று. இதைக் கேட்டவர்கள் யார் என்பதையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் கறுப்பர்களும், கவிஞர் டென்னிஸ் புரூட்டஸ் போல நாடு கடந்து வாழ்ந்தவர்களும் ‘எங்கள் நாட்டோடு ஆடாதீர்கள்’ என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். கத்தார் விஷயத்தில் கட்டடத் தொழிலாளர்களின் சர்வதேசச் சங்கம் புறக்கணிப்பு கேட்கவில்லை. சட்டத்தை மாற்று, சம்பளத்தைக் கொடு என்றுதான் கேட்டது. பாதிக்கப்பட்டவர் என்ன கேட்கிறார் என்பதே எனக்கு அளவுகோல்.

வழிப்போக்கன்: குறுக்கிடுகிறேன். சங்கம் வைக்கவே அனுமதி இல்லாத நாட்டில் பாதிக்கப்பட்டவர் எப்படிக் கேட்பார்? உங்கள் அளவுகோல் கொடுமை அதிகமான நாட்டுக்குத்தான் வசதி.

இது நல்ல அடி. வெளியே இருக்கும் குடும்பத்தார், நாடு கடந்தவர்கள் ஆகியோரின் குரலை எடுத்துக்கொள்ளலாம். சவூதியில் பெண்கள் கார் ஓட்டும் உரிமை கேட்ட லூஜைன் அல் ஹத்லூல், தடை நீங்குவதற்கு ஒரு மாதம் முன்பு கைதானார். அவர் சிறையில் இருந்தபோதே 2020இல் டாகர் கார் பந்தயம் அந்த நாட்டில் நடந்தது. அவருக்காக வெளிநாட்டில் இருந்த உடன்பிறந்தவர்கள் பேசினார்கள். ஆனால் பேச ஆளே இல்லாத தொழிலாளிக்கு என் அளவுகோல் போதாது, ஒப்புக்கொள்கிறேன்.

மயிலாப்பூர் டென்னிஸ்: எல்லாம் சரி ஐயா, அமிர்தராஜ் சகோதரர்களை யாராவது கேட்டார்களா? தியாகம் யாருடையது, பெருமை யாருக்கு?

இதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். முடிவு மேலிடத்தினுடையது, இழப்பு ஆட்டக்காரர்களுடையது. 2003 கிரிக்கெட் உலகக் கோப்பையைப் பாருங்கள். ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் முகாபே ஆட்சியைக் கண்டித்து, ஜனநாயகம் செத்ததற்குத் துக்கம் என்று அறிக்கை விட்டுக் கறுப்புப் பட்டையோடு ஹராரேயில் ஆடினார்கள். அவர்கள் தாமே எடுத்த முடிவு அது. ஒலோங்கா நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. அதே போட்டியில் இங்கிலாந்து அரசும் வாரியமும் பொறுப்பை ஒருவர் மேல் ஒருவர் தள்ள, கடைசியில் ஹராரேக்குப் போகாமல் புள்ளிகளை இழந்து முதல் சுற்றோடு ஊர் திரும்பியவர்கள் ஆட்டக்காரர்கள்.

வழிப்போக்கன்: அப்படியானால் முடிவை வீரர்களிடமே விட்டுவிடலாமா?

அதுவும் கூடாது. இருபத்திரண்டு வயதுப் பையன் தலையில் வெளியுறவுக் கொள்கையைக் கட்டக்கூடாது. நீங்கள் இருவரும் தொடருங்கள், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பாலைவனத்து நிழல்: நான் தோஹாவில் வேலை செய்தவன். ஐரோப்பியர்கள் எங்களுக்காக அழுதது வேடிக்கை. நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது?

உங்களுக்காகவே ஒன்று சொல்கிறேன். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்கு மைதானமும் மேம்பாலமும் கட்டியவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமாதார் எடுத்துக்கொள்வார். பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளும் வேலை செய்தார்கள். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. நீதிபதி பகவதியின் அமர்வு அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பு. வாய்ப்பு கிடைத்தால் தேடிப் படியுங்கள். வயிற்றுப் பசியும் ஒருவனைக் கட்டாயப்படுத்தும் சக்திதான் என்று அதில் வாதிட்டிருக்கும் விதம் இன்றைய வளைகுடாவுக்கும் அப்படியே பொருந்தும்.

நம் யோக்கியதை இதுதான். ஆனால் இங்கே ஒரு கடிதம் வழக்காயிற்று. தோஹாவில் நீங்கள் எந்த நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியிருப்பீர்கள்? ஒரு நாட்டுக்குப் போட்டி கொடுக்கும் முன் நான் பார்க்கச் சொல்வது இந்த வித்தியாசத்தை.

ஆட்டக்களம்: அப்படிப் பார்த்துத்தான் ஃபிஃபா சவூதிக்குக் கொடுத்ததா? மனித உரிமைக் கொள்கை எல்லாம் இருக்கிறதே.

கொள்கை 2017இலிருந்து இருக்கிறது. நடந்ததைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் அறிவிப்பு. ஆசிய, ஓசியானிய நாடுகள் மட்டும் விண்ணப்பிக்கலாம். விருப்பம் தெரிவிக்க அந்த மாதம் 31 வரைதான் அவகாசம். ஆஸ்திரேலியா விலகியது. மிஞ்சியது ஒரே விண்ணப்பம். 2024 டிசம்பர் 11ஆம் தேதி இணையவழிக் கூட்டத்தில், 2030 போட்டியையும் 2034 போட்டியையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, கைதட்டலால் நிறைவேற்றினார்கள். நார்வே மட்டும் நடைமுறையைக் குறைகூறித் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஃபிஃபாவின் மதிப்பீட்டு அறிக்கை மனித உரிமை ஆபத்து ‘நடுத்தரம்’ என்றது. அந்த ஆண்டில் சவூதியில் 300 பேருக்கு மேல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கத்தாரில் நிபந்தனை எப்போது வந்தது என்று பாருங்கள். போட்டி கிடைத்தது 2010. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார் 2014. முதலாளியின் அனுமதி இல்லாமல் வேலை மாறலாம் என்ற சட்டம் 2020. குறைந்தபட்ச ஊதியம் 1,000 ரியால் நடைமுறைக்கு வந்தது 2021. அதற்குள் மைதானங்கள் கிட்டத்தட்ட எழும்பிவிட்டன. சட்டம் மாறியது உண்மை, அழுத்தத்தால்தான் மாறியது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்டியவனுக்குப் பலன் பாதிகூடக் கிடைக்கவில்லை.

ஒப்பந்தம் எழுதும் அன்றுதான் ஃபிஃபாவின் கையில் பிடி இருக்கிறது. ஊதிய பாக்கிக்கு வைப்புத்தொகை, காரணம் தெரியாத ஒவ்வொரு மரணத்துக்கும் பிரேதப் பரிசோதனை, தொழிற்சங்க ஆய்வாளருக்கு முன்னறிவிப்பின்றி உள்ளே போகும் உரிமை, மீறினால் போட்டியைத் திரும்பப் பெறும் விதி. இவற்றை அன்றே எழுதியிருக்க வேண்டும். 2022இல் கத்தாரில் ஐரோப்பிய வீரர்கள் கையில் பட்டை கட்ட முயன்றதும் ஜெர்மனி அணி வாயைப் பொத்திப் படம் எடுத்ததும் பன்னிரண்டு ஆண்டு தாமதமாக வந்தவை.

சேப்பாக்கம் கேலரி: 2024 நவம்பரில் ஐபிஎல் ஏலம் ஜெட்டாவில் நடந்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லையே?

திறக்கவில்லை. அதற்கு முன்பே 2022இல் ஆரஞ்சு, பர்ப்பிள் தொப்பிகளில் சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் விளம்பரத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

கரிசல்: படித்துவிட்டேன். 6,500 தவறு என்றால் சரியான எண் என்ன?

யாரிடமும் கிடையாது. பிரேதப் பரிசோதனை செய்யாத மரணத்தைப் பிறகு யாரால் வகைப்படுத்த முடியும்? அதுதான் என் புகாரே.

மயிலாப்பூர் டென்னிஸ்: 1974க்கு நீங்கள் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.

சொல்லிவிட்டேன். உங்களுக்குப் பிடிக்கவில்லை.

புதுமுகம்: வணக்கம் ஐயா. விளையாட்டில் அரசியலைக் கலக்கலாமா?

மேலே, நெல்லைச் சீமைக்குச் சொன்ன பதில்.