கடையைக் கட்டிய விமானக் கம்பெனிகள்: கேட்டவர்களுக்குச் சொன்னது

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருபது வருஷத்துக்கு மேல் டிராவல்ஸ் நடத்தியவன் நான். மூடிப்போன விமானக் கம்பெனிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். நம் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தக்காளி வியாபாரி: சேலம் ஏர்போர்ட்டுல முதல்ல இறங்கினது கிங்ஃபிஷர் தானுங்களே?

இல்லைங்க. 1993-லேயே என்.இ.பி.சி. வந்துவிட்டது. காற்றாலைத் தொழிலிலிருந்து விமானத்துக்கு வந்த சென்னைக் கம்பெனி. தொப்பூர் கணவாய் தாண்டி ஓமலூர் போகிற வழியில் கமலாபுரம், அங்கேதான் ஓடுபாதை. ஆள் சேரவில்லை, சேவையை நிறுத்தினார்கள். 1997-ல் கம்பெனியே படுத்துவிட்டது. கிங்ஃபிஷர் வந்தது 2009 நவம்பரில், காற்றாடி வைத்த ஏடிஆர் விமானத்தோடு. 2011-ல் சேலத்தை விட்டது, 2012 அக்டோபரில் மொத்தமாக நின்றது. அப்புறம் 2018 மார்ச்சில், சின்ன ஊர்களுக்கும் மலிவாக விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட். 2022-ல் அதுவும் இல்லை.

வந்த மூன்றும் போய்விட்டதால் ராசியில்லாத ரன்வே என்று ஒரு பேச்சு உண்டு. ராசியைப் பழி சொல்லாதீர்கள். உங்கள் தொழிலை வைத்தே பாருங்கள். மண்டி முடிந்த பிறகு மிஞ்சுகிற தக்காளி மாதிரிதான் காலி சீட்டு, கதவைச் சாத்தியதும் அதற்கு விலை கிடையாது. அதனால் சீட்டை எப்படியாவது நிரப்பிவிடுவார்கள். ஆனால் டிக்கெட்டை ரூபாயில் விற்று, விமான வாடகையை டாலரில் கட்ட வேண்டும். பெட்ரோல் கம்பெனி கடனை நிறுத்தினால் அன்றன்றைக்குக் காசு வைத்துத்தான் எரிபொருள் பிடிக்க முடியும். நிறைந்து பறந்தபடியே செத்த கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரூர் கல்லூரி மாணவி: 1953-ல் அரசு எடுத்துக்கொண்ட கம்பெனிகள் எவை, சார்?

டெக்கான் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா ஏர்லைன்ஸ், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா. இவற்றோடு ஏர் இந்தியாவின் உள்நாட்டுப் பகுதியையும் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கினார்கள். உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்த டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. பணமுள்ளவர்கள் ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினார்கள். விமானம் நிறைய இருந்தது, பயணி இல்லை.

இதில் எனக்குப் பிடித்தது கலிங்கா. நடத்தியவர் பிஜு பட்நாயக், பின்னாளில் ஒடிசா முதல்வர். 1947 ஜூலையில் டச்சுக்காரர்கள் ஜாவாவை வளைத்திருந்தபோது, தாமே டகோட்டாவில் போய் இந்தோனேசியத் தலைவர் சியாரிரை ஏற்றிக்கொண்டு வந்தார்.

இன்னொன்று, 1949-ல் தொடங்கிய இரவுத் தபால். சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி நான்கிலிருந்தும் ராத்திரி விமானங்கள் கிளம்பும். நள்ளிரவில் நாக்பூரில் கூடி, தபால் மூட்டைகளையும் பயணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடும். நம் ரயில்வே ஜங்ஷன் மாதிரி, ஆனால் ஆகாய வழியில்.

ஓசூரிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர்: எங்க பெலகொண்டப்பள்ளி ரன்வேல ஏன் எந்த ஏர்லைன்ஸும் வரலை?

அது தனேஜா ஏரோஸ்பேஸின் தனியார் ஓடுபாதை. இத்தாலி டிசைனில் பி-68 என்கிற சின்ன விமானத்தை அங்கே செய்தார்கள். பெரிய விமானங்களும் அங்கே இறங்கும், ஆனால் பயணி ஏற்ற இல்லை, பராமரிப்புக்கு. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புது விமான நிலையம் கூடாது என்று ஒரு ஷரத்து 2033 வரை இருக்கிறது. ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. ஷரத்து என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

ஊத்தங்கரை: கிங்ஃபிஷர் ஆடம்பரத்தாலதான் அழிஞ்சுதா?

ஆடம்பரம் பாதி. மீதி, மலிவு டிக்கெட் விற்ற ஏர் டெக்கான் கம்பெனியை வாங்கியது. ஐந்து வருஷம் உள்நாட்டில் பறந்தால்தான் வெளிநாட்டுக்கு அனுமதி என்று அப்போது விதி. கிங்ஃபிஷர் 2005-ல் பிறந்தது, டெக்கான் 2003-ல். வாங்கினால் 2008-லேயே லண்டன் போகலாம், போனார்கள். ஆனால் மலிவு டிக்கெட்டும் சொகுசு டிக்கெட்டும் ஒரே கடையில் கிடைத்தால் எவன் சொகுசை வாங்குவான்? என் கவுண்டரிலேயே பார்த்தேன்: “அதே கம்பெனிதானே, கம்மி ரேட்டு போடுங்க.” அதே வருஷம் எரிபொருள் விலையும் உச்சத்துக்குப் போனது.

பர்கூர்: பாரமவுண்ட்?

தமிழ்நாட்டுக் கம்பெனி, 2005-ல் தொடங்கியது. விமானம் முழுக்க பிசினஸ் கிளாஸ்தான். 2010-ல் விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு வழக்கு, கதை முடிந்தது.

பென்னாகரம்: கம்பெனி மூடினா டிக்கெட் காசு திரும்பி வருமா அண்ணா?

கார்டில் கட்டியிருந்தால் உடனே பேங்கில் புகார் கொடு, தம்பி. இல்லையென்றால் கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான். ஏஜென்ட் முன்பணம் கட்டி வைத்தால்தான் டிக்கெட் போட முடியும். அப்படிக் கட்டிய என் பணம் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) இன்றும் கிடக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

காவேரிப்பட்டணம்: அப்பாவோட பெட்டியில ஈஸ்ட் வெஸ்ட் ஏர்லைன்ஸ் டிக்கெட் ஒண்ணு இருந்தது. வச்சுக்கலாமுங்களா?

கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். தனியாருக்குக் கதவு திறந்த பிறகு, 1992-ல் நாடு தழுவிய அளவில் முதலில் புகுந்தவர்கள் அவர்கள்தான். ஏர் டாக்ஸி, அதாவது நேர அட்டவணை போடாத வாடகை விமானம் என்றுதான் அனுமதி. நடத்திய தகியுதீன் வாஹித் கேரளக்காரர். 1995 நவம்பரில் பம்பாயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வருஷமே கம்பெனி நின்றது. டிக்கெட்டை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பின்பக்கம் சிவப்பாகப் பூசியிருக்கிறதே, அது கார்பன். ஒரு சீட்டில் எழுதினால் அடியிலுள்ள எல்லாச் சீட்டிலும் விழும். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது என் விரலெல்லாம் குங்குமம் தொட்ட மாதிரி இருக்கும். இப்போதும் ஒட்டும், வெள்ளைச் சட்டையோடு தொடாதீர்கள்.