போனவில் பைக்கின் சட்டம் (ஃபிரேம்) அசல்தானா?

கேள்வி: 1970 டிரையம்ப் போனவில் டி120ஆர் என்று சொல்லி ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது. சட்டம் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் பெயிண்டைச் சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், மணல் வீச்சு இரண்டுமே எண்ணின் விளிம்பை மழுக்கிவிடும். கெமிக்கல் ரிமூவர் தடவி, நைலான் பிரஷால் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்.

சட்ட எண் ஹேண்டில் கழுத்தின் இடப்பக்கம் இருக்கும். எஞ்சின் எண் இடது கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பெட்டி), சிலிண்டருக்குக் கீழே. இந்த ஆண்டு வண்டியில் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். முன்னால் வரும் இரண்டு எழுத்துகளில் முதலாவது மாதம், அடுத்தது மாடல் ஆண்டு. 'என்.டி.' என்றால் 1970 மாடல். ஆனால் தயாரானது 1969 அக்டோபரில். விற்பவர்கள் பலர் குழம்புவது இங்கேதான். எஃப், ஐ, எல், எம், ஓ எழுத்துகள் இந்தக் குறியீட்டில் கிடையாது. இருந்தால் யாரோ பின்னால் அடித்தது.

எஞ்சின் எண்ணின் பின்னணியில் டிரையம்ப் சின்னம் சிறிதாகத் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். அந்த இடம் வழவழப்பாக இருந்தால் அரத்தால் ராவியிருக்கிறார்கள்.

பிறகு சட்டத்தின் அமைப்பு. 1970 வரை பின்பகுதி போல்ட்டில் இணைந்த தனித்துண்டு. ஆயில் டேங்கும் தனி. முதுகுக் குழாய் தடித்து, அதிலேயே ஆயில் ஊற்றும் வாய் இருந்தால் அது 1971 மாடல் அல்லது அதற்குப் பிந்தையது. போல்ட் இணைப்பு என்பதால் சாப்பர் (சட்டத்தை மாற்றியமைத்த பைக்) கட்டியவர்கள் பின்பகுதியைக் கழற்றி வீசியிருப்பார்கள். அந்த போல்ட் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா, வெல்டிங் பூசியிருக்கிறதா பாருங்கள்.

பவுடர் கோட்டிங் கொடுப்பதற்கு முன் எண்ணைப் புகைப்படம் எடுத்து, அந்த இடத்தை மறைத்து ஒட்டச் சொல்லுங்கள். தடித்த பூச்சு எண்ணை மூடிவிடும்.