தோட்ட வேலை நடைப்பயிற்சிக்கு ஈடாகுமா?

கேள்வி: காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வசிக்கிறேன். வயது 46, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, பின்கட்டை ஒட்டிய தோட்டத்தில் காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் செலவிடுகிறேன். செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, பூப்பறிப்பது, பழுத்த இலைகளைக் கிள்ளுவது ஆகியவை என் வேலை. கொத்தவும் களையெடுக்கவும் வாரம் இருமுறை ஓர் ஆள் வருகிறார். எனக்கு நன்றாக வியர்க்கிறது, எடைதான் குறையவில்லை. தெருவில் நடந்துவிட்டு வரச் சொல்கிறார் என் கணவர். தோட்ட வேலை உடற்பயிற்சி ஆகாதா?

பதில்: உங்கள் தோட்டத்தில் உடற்பயிற்சி நடக்கத்தான் செய்கிறது, ஆனால், அதைச் செய்பவர் வாரம் இருமுறை வரும் அந்த ஆள். அவருடைய வேலையில் ஒரு பகுதியை நீங்கள் எடுத்துக்கொண்டால், தோட்டம் நடைப்பயிற்சிக்கு ஈடாகும் என்பது மட்டுமல்ல, சில நாட்களில் அதைவிடக் கூடுதலான பயனையும் தரும்.

உடலுழைப்பை அளக்க ‘மெட்’ என்றோர் அலகு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 மெட் என்று கொண்டு, ஒவ்வொரு வேலையும் அதைப் போல எத்தனை மடங்கு என்று கணக்கிடுவார்கள். 3 முதல் 6 மெட் வரையிலான உழைப்பு மிதமானது, அதற்கு மேற்பட்டது கடுமையானது. நின்றபடி செடிகளுக்குத் தண்ணீர் விடுவது ஏறத்தாழ 1.5 மெட்தான். வாசலையும் தோட்டத்தையும் பெருக்கிச் சருகு கூட்டுவது 4, களையெடுப்பது முறையைப் பொறுத்து 3.5 முதல் 5 வரை, மண்வெட்டியால் மண்ணை வெட்டிப் புரட்டுவது சுமார் 5. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது 3.5 அளவில் நிற்கும்.

மெட் எண்ணை உடல் எடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் செலவான கலோரி ஏறத்தாழத் தெரிந்துவிடும். 74 கிலோ எடையுள்ள நீங்கள் அரை மணி நேரம் தண்ணீர் விட்டால் செலவாவது சுமார் 55 கலோரி. அதே அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலே 37 கலோரி போயிருக்கும். ஆகவே, நிகர லாபம் 18 கலோரி. அரை மணி நேரம் கொத்தினால் 185 கலோரி செலவாகும், நிகரம் ஏறக்குறைய 150. இரண்டும் தோட்ட வேலைதான், இரண்டிலும் வியர்க்கிறது. ஆனால், பலனில் எட்டு மடங்கு வேறுபாடு.

வியர்வையை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சித்திரை, வைகாசியில் செட்டிநாட்டு வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் சும்மா நின்றாலும் சட்டை நனையும். அது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஏற்பாடு. கொழுப்புக் கரைவதற்கான அடையாளம் அல்ல. வேலை முடிந்ததும் எடைக்கருவியில் அரைக் கிலோ குறைந்து காட்டினால், அது இரண்டு சொம்புத் தண்ணீரில் திரும்பிவிடும். மூச்சைக் கவனியுங்கள். வேலை செய்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்; அந்த நிலையில் செய்யும் வேலை, சில நிமிடமே நீடித்தாலும் கணக்கில் சேரும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. கொத்துவதும் மண் சுமப்பதும் இந்த இரண்டுக்கும் உதவும் என்பது, நடைப்பயிற்சிக்கு இல்லாத ஒரு வசதி.

இனி, உங்கள் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மண்வெட்டியைக் கையில் கொடுப்பது சரியல்ல. செம்மண்ணும் சரளையும் கலந்த அந்த நிலம் வெயிலில் கல்லாக இறுகிவிடும். காய்ந்த தரையில் கடப்பாரையை ஓங்கிப் போட்டால், உழைப்பைவிட அதிர்ச்சியே தோளுக்கும் இடுப்புக்கும் போய்ச் சேரும். முதல் நாள் மாலையே மறுநாள் கொத்த வேண்டிய பாத்தியை நனைத்து வைத்துவிடுங்கள். காலையில் மண் பொலபொலவென்று வரும். ஒரே நாளில் முழுத் தோட்டத்தையும் புரட்ட நினைக்காமல், நாளுக்கு ஒரு பாத்தி என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் கொத்துவது பத்து நிமிடம், சருகு கூட்டுவது பத்து நிமிடம் என்று தொடங்கி, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வலக்கையால் பத்து வெட்டு வெட்டினால், கை மாற்றி இடப்பக்கமும் பத்து வெட்டு வெட்ட வேண்டும். தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல.

தண்ணீர் விடுவதையும் முழுவதுமாக ஆளிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இரண்டு கைகளிலும் அரை வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் நடந்தால், அந்த வேலையே சுமை தூக்கும் பயிற்சியாகிவிடும். ஒரு கையில் மட்டும் நிறை வாளியைச் சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதுதான் தவறு. முழங்கால் வலி இருந்தால் குந்தி உட்கார்ந்து களை பிடுங்க வேண்டாம். நீளப் பிடியுள்ள களைக்கொத்தியால் நின்றபடியே வேலை செய்யலாம், அல்லது உயரமான முக்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம்.

எடை ஏன் குறையவில்லை என்பதற்கு அடுப்படியிலும் ஒரு காரணம் இருக்கக்கூடும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியுள்ளது. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் கொத்தினால் நிகரமாக 750 கலோரி போகும். அந்தக் கணக்கில் ஒரு கிலோ குறையப் பத்து வாரம் ஆகும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45 கலோரி இருப்பதால், அரை மணி நேர உழைப்பின் லாபத்தை மூன்று தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ ஈடுகட்டிவிடும். தோட்டத்திலிருந்து பசியோடு உள்ளே வரும்போது, எண்ணெயில் பொரித்த வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் தயாராக இருந்தால், அன்றைய உழைப்பு அந்தத் தட்டோடு முடிந்துவிடும். பணியாரத்தை விலக்கச் சொல்லவில்லை, செட்டிநாட்டில் அப்படிச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. அதை வேலை செய்ததற்கான பரிசாக வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் மோர் குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வழக்கமான காலை உணவைச் சாப்பிடுங்கள். அதில் சுண்டலோ முட்டையோ இருந்தால் பசி விரைவில் திரும்பாது.

முதல் இலக்கை 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு அது 3.7 கிலோ. அந்த அளவு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். வாரம் ஒரு முறை எடையைப் பாருங்கள், மாதம் ஒரு முறை டேப் வைத்து இடுப்புச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் பெண்களுக்கு அது 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

கோடையில் காலை எட்டு மணிக்கு மேல் மண்வெட்டியைத் தொட வேண்டாம். தலைசுற்றலோ தசைப்பிடிப்போ வந்தால் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். சருகுக் குவியலில் கை வைக்கும் முன் கழியால் தட்டிப் பார்ப்பது அவசியம். வெறுங்காலோடு வேலை செய்வது நம்மவர்க்குப் பழக்கம்தான் என்றாலும், நீரிழிவு இருந்தால் மூடிய காலணி கட்டாயம் வேண்டும். தெரியாமல் ஏற்படும் கீறல்கூடப் புண்ணாகிவிடும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கொத்தப் போகக் கூடாது, சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டால் வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோட்டத்துக்குள் இறங்க முடியாது; சில வாரங்களில் கொத்துவதற்கே எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த நாட்களுக்கு உங்கள் கணவர் சொல்லும் நடைதான் சரி. மழை விடாவிட்டால், முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீடாக இருக்கும்பட்சத்தில், வளவை (வீட்டின் நடு முற்றப் பகுதியை)ச் சுற்றி உள்ளேயே அரை மணி நேரம் வேகமாக நடந்துவிடலாம்.