ராஜா வீடு எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

தசரா லீவில் குடும்பத்தோடு ஹம்பி போய்வந்தோம். விட்டலர் கோயில் கல் ரதத்துக்கு முன்னால் பிள்ளைகள் ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டிப் பிடித்து ஒரே கும்மாளம். அரண்மனைப் பகுதிக்கு வந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. வெறும் மேடைகள். "ராஜா வீடு எங்கேம்மா?" என்றான் பெரியவன். கோயில்கள் நிற்கும்போது அரண்மனை மட்டும் எப்படிக் காணாமல் போகும்? கைடு "போரில் போச்சு" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஆர்., சித்தூர்

அன்புள்ள ஆர்.,

பையன் கேட்டதுதான் கேள்வி. கோயில்களுக்குத் தூண் முதல் கூரை வரை கல். அரண்மனைகளுக்கோ கீழே கல் மேடை, மேலே மரத்தூணும் மர உத்தரமும். 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகர அரசு தோற்றதும் அதன் தலைநகரான இந்த ஹம்பி சூறையானது. கோயில்களும் அடிவாங்கின, ஆனால் கல் எரியாதே. அரண்மனைகளின் மரம்தான் எரிந்துபோயிற்று. 1520 வாக்கில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அரண்மனைக்குள் யானைத் தந்தத்தாலேயே இழைத்த ஓர் அறையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அங்கே இன்னும் நிற்கும் தாமரை மகால் எப்படித் தப்பியது என்றால், அது சுண்ணாம்புக் கட்டடம். வளைவுகளே கூரையைத் தாங்குகின்றன. எல்லோரும் படமெடுப்பது அங்கேதான். எனக்கு அதில் பெரிய ஈடுபாடில்லை.

நீங்கள் போனது தசராவுக்கு. மகாநவமி திப்பா என்ற அந்த உயரமான கல் மேடை மேலே ஏறி போட்டோ எடுத்துவிட்டு இறங்கியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்த மேடையைச் சுற்றி நடந்திருக்க வேண்டும். பக்கச் சுவர்களில் வரிசை வரிசையாக யானை, குதிரை, வேட்டை, ஆட்டக்காரிகள். பயஸ் நேரில் பார்த்து எழுதிய ஒன்பது நாள் விழா இந்த நவராத்திரிதான். பள்ளிக்கூடம் லீவு விட்ட அதே பண்டிகை!

அப்புறம் பக்கத்திலேயே படிக்கட்டுக் குளம். 1980களில் தோண்டியபோது வெளியே வந்தது. கறுப்புக் கற்களைக் குனிந்து பாருங்கள்: எந்தத் திசை, எத்தனையாவது வரிசை என்று கொத்தர்கள் குறி வெட்டியிருக்கிறார்கள். வேறெங்கோ செதுக்கி, கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் வந்த கல் தொட்டிக் கால்வாயும் பக்கத்தில் நீளமாக ஓடுகிறது. கைடுகள் சொல்லும் ராணிகள் கதையை விட இது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பது என் கட்சி.

திரும்ப ஹம்பிக்கே ஓட வேண்டியதில்லை. தோற்ற விஜயநகர வம்சம் பெனுகொண்டாவுக்கும், பிறகு நம் சந்திரகிரிக்கும்தான் வந்து சேர்ந்தது. திருப்பதிக்குப் போகும்போதெல்லாம் அந்த மலைக்கோட்டையைப் பார்த்தபடி கடந்துபோகிறோம், இறங்குவதில்லை. அங்கே ராஜ மகால் மூன்று அடுக்கோடு இன்னும் நிற்கிறது. கல், செங்கல், சுண்ணாம்பு மட்டுமே, மர வேலையே கிடையாது. ஹம்பி எரிந்த பாடத்தால் அப்படிக் கட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அதற்குச் சான்று வேண்டும். ஆனால் அந்த மேடைகளைப் பார்த்த கண்ணோடு இதைப் பார்த்தால் வித்தியாசம் பையனுக்கே பிடிபடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறும் முன்பே போய்விடுங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.