ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சுண்டல் கொடுக்கலாமா?

நவராத்திரியும் ஆயுத பூஜையும் முடிந்த கையோடு ஆண்டுதோறும் ஒரே கவலையைச் சொல்லும் கடிதங்கள் வந்து குவியும். இம்முறை வந்தவற்றில் நான்கிற்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. கொலு பார்க்கப் போன வீட்டில் கொடுத்த சுண்டலில் நாலு கடலையை எடுத்து அவன் வாயில் போட்டேன். அதற்காக மருமகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். கடலையும் தேங்காய்ச் சில்லும் தின்றுதான் அவர்கள் வளர்ந்தார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் வீணாகப் பயப்படுகிறார்களா?
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: அம்மா, இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் மருமகள் பக்கம்தான். பேரனின் வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்கள் மேலும் கீழும் வந்திருக்கும். கடைவாயில் முதல் அரைக்கும் பற்கள் இப்போதுதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கும் பின்னால் வர வேண்டியவை இரண்டு வயதை ஒட்டியோ அதைத் தாண்டியோதான் முளைக்கும். ஆகவே அவனால் கடிக்க முடியும், அரைக்க முடியாது. அவன் கடித்த கொண்டைக்கடலை தோல் கழன்று, வழுவழுப்பான இரண்டு பாதிகளாகப் பிளந்து, நாக்கின் மேல் வழுக்கிப் பின்னால் போகும். அந்த நொடியில் அவன் சிரித்தாலோ, அழுதாலோ, ஓடினாலோ, உள்ளே இழுக்கும் மூச்சோடு அதுவும் குரல்வளைக்குள் இறங்கிவிடலாம். அவனுடைய மூச்சுக்குழாய் ஏறக்குறைய அவன் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகிவிட்ட வீட்டிலிருந்து யாரும் எனக்கு இப்படிக் கடிதம் எழுதுவதில்லை.

ஆனால் கடலையையே விலக்கிவிடுங்கள் என்று உங்கள் மருமகள் சொன்னால், அங்கே நான் உங்கள் பக்கம் வந்துவிடுவேன். சுண்டலைக் குழைய வேகவைத்து, தோலை உரித்து, விரலால் மசித்துக் கொடுங்கள். வேர்க்கடலையை வறுத்து, கொஞ்சமும் நொய் இல்லாமல் பொடித்துக் கஞ்சியிலோ பருப்புச் சாதத்திலோ கலந்து கொடுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமைக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளுக்கு, ஒரு வயது ஆகும் முன்பே அதை உணவில் சேர்த்துவந்தால் அந்த ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று லண்டனில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்ததும் முழுக் கடலை அல்ல. கடுமையான தோல் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். முழுக் கடலை எதுவும் 4 வயது வரை வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கணக்கு, பிரிட்டனில் 5 வயது என்கிறார்கள். நான் 5 என்றே சொல்வது வழக்கம்.

மற்றவற்றுக்கு ஒரு சோதனை போதும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்தும்போது நசுங்கினால் கொடுக்கலாம். பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, தேங்காய்ச் சில்லு, கடலை மிட்டாய், முறுக்கு ஆகிய எல்லாமே இதில் தோற்றுவிடும். கேரட்டையும் ஆப்பிளையும் ஆவியில் வேகவைத்தால் தேறிவிடும். திராட்சை நசுங்கும், ஆனாலும் ஏமாற்றும்: உருண்டையாக, வழுக்கலாக, மூச்சுக்குழாயை அடைப்பதற்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். அதை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். சீதாப்பழத்தின் கொட்டைகளை நீங்களே எடுத்துவிடுங்கள். துப்பச் சொன்னால் துப்புகிற வயது அவனுக்கு இன்னும் வரவில்லை.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்தால் ஓக்காளிக்கிறாள், கண்ணில் நீர் வந்துவிடுகிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் மிக்சியில் அடித்தே கொடுக்கிறேன். சரியா?
– ஒரு தாய், சிவகாசி

பதில்: சரியில்லை. ஓக்காளம் வேறு, அடைப்பு வேறு. இந்த வயதில் ஓக்காளத்தைத் தூண்டும் இடம் நாக்கில் நமக்கு இருப்பதைவிட முன்னால் இருப்பதால், கட்டி சற்றே பின்னால் போனதும் குழந்தை முகம் சிவந்து, சத்தத்தோடு அதை வெளியே தள்ளிவிடுகிறாள். அது அவளுடைய காவல். சத்தம் வந்துகொண்டிருக்கும் வரை பதறாதீர்கள், வாய்க்குள் விரலையும் விடாதீர்கள். கட்டியைப் பழக்காமலே விட்டால் மெல்லக் கற்பது தள்ளிப்போகும். நிமிர்த்தி உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து, மசித்த இட்லியிலிருந்து சிறிது சிறிதாகக் கரகரப்புக்கு வாருங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகன் பொரியும் வேர்க்கடலையும் தின்றபடி ஓடி விளையாடும்போது புரையேறிக் கடுமையாக இருமினான். சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் பன்னிரண்டு நாளாக இருமலும் இழுப்பும் விடவில்லை. இரண்டு மருந்து மாற்றியாயிற்று. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: இந்த இதழ் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவே எழுதிவிட்டோம், மற்றவர்கள் அறிவதற்காக இங்கேயும் தருகிறேன். புரையேறிய பின் வரும் அமைதியை நம்பக் கூடாது. கடலை மூச்சுக்குழாயைத் தாண்டி ஒரு கிளைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் இருமல் அடங்கிவிடும், குழந்தையும் விளையாடப் போய்விடும். வலப்பக்கக் கிளை இடப்பக்கத்தைவிட அகலமாகவும் நேராகவும் இறங்குவதால் பெரும்பாலும் அங்கேதான் அது தங்கும். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அது காசு போலச் சும்மாவும் கிடப்பதில்லை. ஈரத்தில் ஊதி, தன் எண்ணெயால் அந்த இடத்தையே புண்ணாக்கி வீங்க வைக்கும். அதனால்தான் இழுப்பும், சில வேளை ஒரே பக்கத்து நுரையீரலில் திரும்பத் திரும்பச் சளியும் வருகின்றன.

என் மேசை இழுப்பறையில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதற்குள் பாதி வேர்க்கடலை, ஊறிக் கறுத்து, ஓரம் மட்டும் சிதைந்து கிடக்கிறது. ஆஸ்துமா என்று இரண்டு மாதம் மருந்து உறிஞ்சிய ஒரு குழந்தையின் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அந்தத் தாயிடம் "இருமல் தொடங்கிய அன்று என்ன தின்றான்?" என்று முதல் மாதத்தில் நான் கேட்கவில்லை. மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்து எடுத்துவிடலாம். காது மூக்கு தொண்டைப் பிரிவும் குழந்தைகளுக்கான அறுவைப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்த வேர்க்கடலையைப் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: அடைத்துக்கொண்டால் உச்சந்தலையில் தட்டு என்கிறார் அப்பா, தலைகீழாகப் பிடித்துக் குலுக்கு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், சோற்று உருண்டையை விழுங்க வை என்கிறார் அத்தை. எதைச் செய்வது?
– ஒரு தந்தை, வேலூர்

பதில்: மூன்றும் வேண்டாம். சோற்று உருண்டையும் தண்ணீரும் அடைப்பின் மேல் இன்னோர் அடைப்பாகலாம்.

குழந்தை பலமாக இருமினால், இருமட்டும். அதைவிட நல்ல மருந்து உங்கள் கையில் இல்லை. இருமல் சத்தமற்றுப் போய், அழுகை வராமல், உதடு நீலம் பாய்ந்தால், ஒருவர் 108-ஐ அழைக்க, நீங்கள் தொடங்குங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை உடம்பைவிடத் தாழ இருக்குமாறு தாடையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். வெளிவரும் வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதைக் கடந்த குழந்தைக்கும் முதுகில் 5 தட்டு உண்டு. ஆனால் மார்பில் அழுத்துவதற்குப் பதிலாக, பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே மடக்கிய கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்த வேண்டும். ஹெம்லிக் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1974-ல் விவரித்த முறை இது. கைக்குழந்தைக்கு மட்டும் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். குழந்தை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சு ஊதுவதைத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை ஊதும் முன்னும் வாய்க்குள் பார்த்து, தெரிகிற பொருளை மட்டும் எடுங்கள்.

வயிற்றை அழுத்தி எடுத்த குழந்தையை, அது சிரித்து விளையாடினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்த அழுத்தத்தில் ஈரலுக்கோ மண்ணீரலுக்கோ அடிபட்டிருந்தால் வெளியே உடனே தெரியாது.