சிறுநீரகம் மாற்றிய அம்மாவுக்கு ரெய்ஷி குளிசை கொடுக்கலாமா?

தம்பி, சிறுநீரகம் மாற்றி டாக்ரோலிமஸ் என்ற மருந்து எடுக்கிற அம்மாவுக்கு, ஹட்டன் டவுனில் யாரோ விற்ற ரெய்ஷி காளான் குளிசையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம்.

அந்தக் காளானில் பீட்டா குளுக்கன் என்ற ஒருவகை மாவுச்சத்து இருக்கிறது, பூஞ்சைகளின் உடற்சுவரில் இருப்பதும் அதுதான், நம் வெள்ளை அணுக்கள் அதைப் பார்த்ததும் ஏதோ பூஞ்சைக் கிருமி வந்துவிட்டது என்று உசாராகிவிடும், விற்பவர் 'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்று சொல்வது இதைத்தான். முழுப் பொய்யும் இல்லை, ஜப்பானில் வேறொரு காளானிலிருந்து எடுத்த பிஎஸ்கே என்ற மருந்துக்கு 1977இலேயே புற்றுநோய்ச் சிகிச்சையில் அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அம்மா விழுங்கும் டாக்ரோலிமஸ் எதற்கு? புதுச் சிறுநீரகத்தை உடம்பு தாக்காமல் அந்தச் சக்தியை அடக்கி வைக்கத்தானே! ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு மறுபக்கம் உசுப்பிவிடுவதா? (வேடிக்கை என்னவென்றால், இதே வேலைக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்ததுதான்.)

ஏற்கெனவே கொடுத்திருந்தால், பயத்தில் கிளினிக் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். காளானை மட்டும் நிறுத்திவிட்டு, அடுத்த தவணை வரை காத்திருக்காமல் அந்தப் போத்தலையே கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ரத்தத்தில் மருந்தின் அளவும் பார்ப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், ரெய்ஷி ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

கறிக்கு வாங்கும் சிப்பிக் காளான் வேறு விஷயம், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மழைக்குத் தேயிலை மலையில் முளைக்கும் காட்டுக் காளானை யாரும் பிடுங்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.